டிரான்ஸ் வரலாற்றில் அஞ்சுனாவுக்கு இடம் வேண்டும்

கோவாவின் அஞ்சுனா, வகாத்தோர் கடற்கரைகளின் பெயர் செய்தித்தாள்களில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். ஆண்டு இறுதியில் குவியும் சுற்றுலாக் கூட்டம் ஒன்று. போதைப்பொருள் சோதனை மற்றொன்று. இரண்டு செய்திகளிலும் ‘டிரான்ஸ் பார்ட்டி’ தவறாமல் இடம்பெறும். அங்கே ஒலித்தது என்ன இசை, அதை யார் செய்தார்கள், அது எப்படி அந்த மணலுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இன்று உலகெங்கும் பெரிய அரங்குகளை நிரப்பும் ஓர் இசை வகை உருவானபோது, அதற்குக் களமாக இருந்த மூன்று நான்கு இடங்களில் ஒன்று இந்தியாவில் இருந்தது. பிராங்ஃபர்ட்டும் பெர்லினும் தங்கள் பங்கை எழுதி, காட்சிக்கு வைத்து, அரசு அங்கீகாரமும் பெற்றுவிட்டன. அஞ்சுனாவின் பங்கு காவல் நிலையக் கோப்புகளிலும் வயதானவர்களின் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது. அந்த முதல் தலைமுறையும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறது. கோவாவின் இரவுக் கொண்டாட்டங்களோடு பெயரே ஒட்டிக்கொண்ட கோவா கில் 2023 அக்டோபரில் காலமானார். இந்த வரலாற்றை இசை வரலாறாக இந்தியாவில் எழுதியாக வேண்டும், அதுவும் உடனே.

டிரான்ஸ் கேட்டறியாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 முதல் 150 வரை சீராக விழும் டிரம் அடி. அதன் மேல், ஓர் அடிக்கு நான்கு சுரங்களாக ஓடும் சிந்தசைசர் வரி. அந்த வரி திரும்பத் திரும்ப வரும். ஒலியின் நிறம் மட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். கம்மிக் கிடந்த ஒலி சிறுகச் சிறுகத் திறந்து கூர்மையாகும். நடுவில் தாளம் அறவே நின்று மெட்டு மட்டும் தனித்து ஒலிக்கும். ஆடுகிறவர்கள் காத்திருப்பார்கள். பிறகு தாளம் திரும்பி வந்து விழும். ஓர் ஆக்கம் ஏழெட்டு நிமிடம் ஓடும். பாட்டு வரிகள் இருக்காது, இருந்தாலும் ஓரிரு சொற்கள்தான். பல்லவி, சரணம் என்று ஐந்து நிமிடத்தில் முடியும் திரைப்பாடலுக்குப் பழகிய காதுக்கு இது ஒரே இரைச்சலாகத் தோன்றலாம். விடிய விடிய ஆடுகிறவருக்கு அந்த நீளமும் மெதுவான மாற்றமும்தான் தேவை. அந்தத் தேவையிலிருந்துதான் இந்த இசையே பிறந்தது.

ஆடாதவர்களுக்காகச் செய்த இசை

வேர்களைத் தேடினால் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் 1970களின் மேற்கு பெர்லின். டாஞ்சரின் ட்ரீம் குழு 1974இல் வெளியிட்ட ‘ஃபேட்ரா’ இசைத்தொகுப்பில், சீக்வென்சர் என்ற கருவி ஒரே சுர வரிசையை விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் ஒலிகள் மேகம்போல் நகரும். அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டில் டிரம் வாசித்த கிளாவுஸ் ஷுல்ட்சே தனியே பிரிந்துபோய், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்தால் நிரப்பினார். 1975இல் வந்த அவருடைய ‘டைம்விண்ட்’ தொகுப்பில் மொத்தமே இரண்டு ஆக்கங்கள்தான். இவற்றுக்கு யாரும் ஆடவில்லை. அமர்ந்தோ படுத்தோ கண்மூடிக் கேட்டார்கள்.

ஆட வைத்த திருப்பம் மியூனிக்கில் நிகழ்ந்தது. ஜார்ஜியோ மொரோடர் 1977இல் டோனா சம்மரின் குரலில் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ ஏறக்குறைய முழுவதும் மூக் சிந்தசைசரில் செய்யப்பட்டது. சீக்வென்சரின் ஓயாத ஓட்டம் அன்று முதல் டிஸ்கோ தளத்துக்கு வந்தது. 1981 டிசம்பரில் பெர்லினில் மானுவெல் கோட்ஷிங் என்ற கிதார் கலைஞர், மறுநாள் ஹாம்பர்க் விமானப் பயணத்தில் வாக்மேனில் கேட்பதற்காகத் தன் ஸ்டுடியோவில் ஒரே மூச்சில் ஒரு மணி நேர ஆக்கத்தைப் பதிவு செய்தார். ‘இ2-இ4’ என்ற அந்த ஆக்கம் 1984இல் வெளிவந்தது. இரண்டு கோர்வைகளுக்கு இடையே ஊசலாடியபடி நகரும் அந்த இசையைப் பின்னால் வந்த மின்னணு இசைக் கலைஞர்கள் முன்னோடியாகக் கொண்டாடினார்கள். பயணத்துணைக்காகச் செய்த அதை நடன தளங்கள் தத்தெடுத்துக்கொண்டன.

விற்காத ஒரு பெட்டி

இன்னொரு வேர் ஜப்பானில் தொடங்குகிறது. ரோலண்ட் நிறுவனம் 1981 இறுதியில் டிபி-303 என்ற சிறிய வெள்ளிநிறப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குப் பேஸ் கிதார் துணை தேவை. அதை இந்தப் பெட்டி வாசித்துவிடும் என்பது திட்டம். பேஸ் கிதாரின் ஒலி அதில் வரவேயில்லை. சுரங்களைப் பதிவு செய்யும் முறையும் பெரும் குழப்பம். 1984இல் தயாரிப்பு நின்றது. மிஞ்சியவை பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போயின.

அப்படிக் கைக்கு வந்த ஒரு பெட்டியை சிகாகோவைச் சேர்ந்த டிஜே பியரும் நண்பர்களும் குடைந்து பார்த்தார்கள். இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் திருகுகளைத் திருப்பினால் ஒலி குழைந்து, நெளிந்து, கீச்சிட்டது. ஃப்யூச்சர் என்ற பெயரில் அவர்கள் 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ பன்னிரண்டு நிமிடம் அந்த நெளிவை மட்டுமே நம்பி ஓடியது. ஆசிட் ஹவுஸ் என்ற வகை அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பரவியது. ஒரு சுர வரிசையை மாற்றாமல் அதன் நிறத்தை மட்டும் மாற்றிக் கேட்பவரைக் கட்டிப்போடலாம் என்பதைப் பிற்பாடு டிரான்ஸ் செய்தவர்கள் இந்தப் பெட்டியிடம்தான் கற்றார்கள்.

இந்தக் கட்டத்தில் மும்பையின் சரண்ஜித் சிங்கைச் சொல்லாமல் கடக்க முடியாது. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த அவர் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகளைக் கொண்டு 1982இல் ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த அந்தத் தட்டை இன்று கேட்டால், ‘ஆசிட் டிராக்ஸ்’ வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே மும்பையில் அதே ஒலி கேட்டிருப்பது தெரியும். பைரவ் ராகமும் யமனும் அந்த வெள்ளிப் பெட்டியின் குழைவில் வழுக்கிப் போகின்றன. தட்டு விற்கவில்லை. 2000களில் டச்சு சேகரிப்பாளர் ஒருவரின் கண்ணில் பட்டு, 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் அதைக் கவனித்தது. வயதான காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்துக்காட்டும் வாய்ப்பும் பெற்ற சரண்ஜித் சிங் 2015இல் மறைந்தார்.

ஆசிட் இசையை இந்தியாவே கண்டுபிடித்தது என்று இதை வைத்து மார்தட்டுவது தவறு. சரண்ஜித் சிங்கின் தட்டை சிகாகோவில் யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் தனியாக ஓர் இடத்தை அடைந்தார். அவரைத் தொடர ஆளில்லை. அதே கருவி சிகாகோவில் ஓர் இசை வகையையே உண்டாக்கியதற்குக் காரணம், அங்கே அதற்கு ஆட ஒரு தளமும், வாரந்தோறும் வந்த கூட்டமும், கேட்டவுடன் மறுநாள் தானும் ஒன்று செய்து பார்க்கும் இளைஞர்களும் இருந்ததுதான். இசை வகை என்பது ஒரு மேதையின் தனிச் சொத்தாகப் பிறப்பதில்லை. அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். டிரான்ஸின் கதை முழுக்க இதைத்தான் காட்டுகிறது.

விமான நிலையத்துக்குள் ஒரு கிளப்

பிராங்ஃபர்ட் விமான நிலையக் கட்டடத்துக்குள்ளேயே டோரியன் கிரே என்ற கிளப் 1978 முதல் இயங்கியது. ஊருக்குள் இருந்த கிளப்புகளைக் கட்டுப்படுத்திய மூடும் நேரம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. பொழுது விடிந்த பின்னும் ஆட்டம் தொடரும். டல்லா 2எக்ஸ்எல்சி என்ற பெயரில் அறியப்பட்ட ஆண்ட்ரியாஸ் தொமாலா 1984இல் தொடங்கிய ‘டெக்னோகிளப்’ நிகழ்ச்சி பின்னர் இங்கேதான் நடந்தது. 1988இல் ஸ்வென் ஃபேட் நகரின் மையத்தில் ஓமன் என்ற கிளப்பை நண்பர்களோடு திறந்தார். அவர் ஒரே இரவில் பத்து மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலாக இசைத்தட்டு ஓட்டுவார். அத்தனை நேரம் ஒரு கூட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டுமானால் மூன்று நிமிடப் பாட்டுகள் உதவா. நீண்டு, ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் இசை வேண்டும்.

அந்த இசையைச் செய்ய பிராங்ஃபர்ட்டில் ஆள் இருந்தார்கள். டிஜே டாக், ஜாம் எல் மார் இருவரும் டான்ஸ் 2 டிரான்ஸ் என்ற பெயரில் 1990இல் வெளியிட்ட ‘வீ கேம் இன் பீஸ்’ ஆக்கத்தை இந்த வகையின் தொடக்கங்களில் ஒன்றாகப் பலர் குறிப்பிடுகிறார்கள். முறையாக மேற்கத்திய இசை பயின்ற ஜாம் எல் மார், பிறகு மார்க் ஸ்பூனுடன் சேர்ந்து ஜாம் & ஸ்பூன் ஆனார். பெல்ஜிய நிறுவனம் ஒன்று 1990இல் வெளியிட்ட ‘தி ஏஜ் ஆஃப் லவ்’ ஆக்கத்தை இவர்கள் 1992இல் ரீமிக்ஸ் செய்தார்கள். மூலத்தில் இருந்த பெண் குரலையும் மெட்டையும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகக் கட்டினார்கள். பேஸ் வரி இடைவெளியின்றி உருண்டோட, நடுவில் எல்லாம் அடங்கி, மறுபடி ஒவ்வொன்றாக எழுந்து வரும் அந்த அமைப்பு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு டிரான்ஸின் இலக்கணமாகிவிட்டது. 1991இல் ஸ்வென் ஃபேட் இரு நண்பர்களுடன் தொடங்கிய ஐ க்யூ நிறுவனமும், அடுத்து வந்த அதன் கிளை ஹார்ட்ஹவுஸும் இந்த ஒலியைத் தட்டுகளாக உலகெங்கும் அனுப்பின.

சுவர் விழுந்த நகரம்

பெர்லினில் காரணங்கள் வேறு. 1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கிடங்குகளும் ஆலைகளும் காலியாகக் கிடந்தன. வெர்ட்ஹைம் என்ற பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில், துருவேறிய பாதுகாப்புப் பெட்டிகளுக்கு நடுவே, 1991 மார்ச்சில் ட்ரெசோர் கிளப் திறந்தது. இரு பெர்லின்களின் இளைஞர்களும் முதன்முதலில் தோளோடு தோள் உரசி நின்ற இடங்களில் இத்தகைய கிளப்புகள் முக்கியமானவை.

மான்செஸ்டரிலிருந்து 1970களின் இறுதியில் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த மார்க் ரீடர், கிழக்கு ஜெர்மனியின் அரசு இசைத்தட்டு நிறுவனம் கலைந்துகொண்டிருந்த வேளையில் அதன் வளாகத்திலேயே எம்எஃப்எஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த மூன்றெழுத்துகள் கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறைக்கு உரியவை. மக்களை நடுங்க வைத்த எழுத்துகளை ஓர் இளைஞர் இசை நிறுவனத்தின் பலகையில் மாட்டினார். எம்எஃப்எஸ் தேடியது கடுமையான டெக்னோவை அல்ல, மெட்டுள்ள இசையை. பியானோ முறையாகப் பயின்ற காஸ்மிக் பேபியும், பால் வான் டைக் என்ற இளைஞரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

பால் வான் டைக்கின் கதையில் அக்காலமே அடங்கியிருக்கிறது. 1971இல் கிழக்கு ஜெர்மனியில் பிறந்து கிழக்கு பெர்லினில் வளர்ந்தவர். மேற்கத்திய இசைத்தட்டு வாங்க வழியில்லை. சுவரைத் தாண்டி வந்த மேற்கு பெர்லின் வானொலியைக் கேட்டு, பிடித்ததைக் கேசட்டில் பதிவு செய்துகொள்வார். எந்தக் கலைஞர் எப்படி இருப்பார், எந்த கிளப்பில் அந்த இசை ஒலிக்கிறது என்பதெல்லாம் தெரியாது. ஒலி மட்டுமே தெரியும். சுவர் விழுந்த பின் அதே இளைஞர் ட்ரெசோரில் இசைத்தட்டு ஓட்டினார். காஸ்மிக் பேபியுடன் ‘விஷன்ஸ் ஆஃப் ஷிவா’ என்ற பெயரில் 1992இல் ‘பெர்ஃபெக்ட் டே’ வெளியிட்டார். 1994இல் அவருடைய ‘ஃபார் அன் ஏஞ்சல்’ வந்தது. 1998இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது டிரான்ஸ் கேட்பவர் அனைவரும் முணுமுணுக்கும் மெட்டாகிவிட்டது. காஸ்மிக் பேபியும் கிட் பாலும் சேர்ந்து எனர்ஜி 52 என்ற பெயரில் 1993இல் செய்த ‘கஃபே டெல் மார்’ இன்றும் புதிய ரீமிக்ஸ் கண்டுகொண்டிருக்கிறது. அதன் மெட்டு பெல்ஜிய இசையமைப்பாளர் விம் மெர்டென்ஸ் 1983இல் வெளியிட்ட ஆக்கம் ஒன்றைத் தழுவியது. இங்கும் கைமாறல்தான்.

கேசட்டை வெட்டிய கைகள்

இந்த ஜெர்மானியக் கதை பல புத்தகங்களில் இருக்கிறது. இதே காலத்தில், சொல்லப்போனால் இதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, கோவாவில் நடந்ததற்குத்தான் இந்தியாவில் போதிய கவனம் கிடைக்கவில்லை.

1961 டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து இந்தியா கோவாவை மீட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஹிப்பிகள் தரைவழியாக வந்து சேர்ந்தார்கள். முதலில் கலங்குட், பிறகு அஞ்சுனா, வகாத்தோர். மீனவர்களும் கள் இறக்குபவர்களும் வாழ்ந்த ஊர்களில் வீடு வாடகைக்குக் கிடைத்தது. பௌர்ணமி இரவுகளில் கடற்கரையில் கூடி கிதார் வாசித்தார்கள். பின்னர் ஒலிபெருக்கி வந்தது, ராக் இசை வந்தது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிவந்த கில்பர்ட் லெவி ஜூனா அகாடா என்ற துறவியர் அமைப்பில் சந்நியாசம் பெற்றார். கோவா கில் என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

1980களின் முற்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பிரெஞ்சுக்காரரான லோரான், ஃப்ரெட் டிஸ்கோ போன்ற டிஜேக்கள் ராக் பாடல்களை ஓரங்கட்டிவிட்டு ஐரோப்பிய மின்னணு இசையை ஒலிக்கத் தொடங்கினார்கள். பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242, இங்கிலாந்தின் காபரே வோல்டேர் போன்ற குழுக்களின் இசை. முதலில் முணுமுணுப்பு இருந்தது. ராக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இயந்திர ஒலி பிடிக்கவில்லை. ஆனால் ஆட்டம் நின்றுவிடவில்லை, நீண்டது.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கோவாவின் வெயிலில் இசைத்தட்டு வளைந்துவிடும். மணலும் தூசியும் ஊசியைக் கெடுக்கும். எனவே எல்லாம் கேசட்டில். ஐரோப்பாவிலிருந்து யாராவது கொண்டுவரும் புதிய பாடலை இரண்டு கேசட் டெக்குகளை இணைத்து மறுபதிவு செய்வார்கள். பாட்டு வரி வருவதற்குச் சற்று முன் நிறுத்துவார்கள். வரி முடிந்து வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடத்திலிருந்து மறுபடி பதிவைத் தொடங்குவார்கள். பிடித்த தாளத் துண்டை மீண்டும் மீண்டும் பதிந்து, ஒரு நிமிடத்தை ஐந்து நிமிடமாக நீட்டுவார்கள். காதலும் அரசியலும் பேசிய குரல்களை வெட்டி எறிந்துவிட்டு, தாளத்தையும் சிந்தசைசரையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள். இப்படி ஒட்டுப்போட்ட கேசட்டுகளை சோனி புரொஃபஷனல் வாக்மேன்களில் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். சொற்களற்ற, நீண்ட, இடைவிடாத நடன இசை அங்கே நடைமுறையில் வந்துவிட்டது. அதை அப்படியே ஸ்டுடியோவில் செய்ய ஆள் வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

1987இல் சோனி டிஏடி என்ற டிஜிட்டல் நாடாவை அறிமுகப்படுத்தியது. எத்தனை பிரதி எடுத்தாலும் ஒலி தேயாது. இசைக் கலைஞர்கள் வெளியிடாத ஆக்கங்களை டிஏடியில் பதிந்து அஞ்சுனாவுக்குக் கொண்டுவந்தார்கள். டிஜேக்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கருவியில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு தாளத்தை இன்னொன்றோடு பொருத்த வழியில்லை. அதனால் ஒவ்வொரு ஆக்கத்தின் தொடக்கமும் முடிவும் தாளமில்லாத நீண்ட ஒலிப்பரப்பாக அமைந்தன. ஒன்று கரையும்போது மற்றொன்றை எழுப்பிவிடலாம். கோவா டிரான்ஸின் அடையாளமாக இன்று சொல்லப்படும் அந்த மிதக்கும் முன்னிசைக்குக் கருவியின் இந்தக் குறைக்கும் பங்குண்டு.

இரவு நகர நகர இசையும் மாறும். நள்ளிரவுக்குப் பின் இருண்ட, இறுக்கமான ஆக்கங்கள். கிழக்கு வெளுக்கும்போது மெட்டு நிறைந்தவை. விடியலுக்கென்றே தனியாக இசை எடுத்துவைக்கும் வழக்கம் இந்தத் தென்னந்தோப்புகளில் வேரூன்றியது. வேளைக்கேற்ற இசை என்பது இந்தியருக்குப் புதிதல்ல என்றாலும், இதை அவர்கள் ராக மரபிலிருந்து கற்றதாகச் சொல்ல முடியாது. ஆடுகிற உடல்கள் கேட்டதைக் கொடுத்தார்கள்.

பாய் விரித்த பெண்கள்

ஆட்டக் களத்தின் ஓரத்தில், வரிசையாகப் பாய் விரித்து, ஆளுக்கொரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து, உள்ளூர்ப் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். ஸ்டவ்வில் சாயா கொதிக்கும். ஆம்லெட், ரொட்டி, பிஸ்கட், சிகரெட், தண்ணீர் எல்லாம் கிடைக்கும். ஆடிக் களைத்தவர் அந்தப் பாயில்தான் சாய்வார். விடிந்த பின்னும் அங்கேயே கிடப்பார். முகம் தெரியாத நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பாய்தான் இளைப்பாறும் இடம், சில சமயம் முதலுதவி இடமும். அந்தப் பெண்களின் வீட்டுக்குப் பருவகால வருமானம் அதில் வந்தது. வீடு வாடகைக்கு விட்டவர்கள், ஜெனரேட்டர் கொடுத்தவர்கள், ஒலிபெருக்கி ஏற்றி இறக்கியவர்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் என்று இந்த இசையின் பின்னால் ஒரு கிராமமே வேலை செய்தது. எந்த இசைத்தட்டு உறையிலும் அவர்கள் பெயர் இல்லை.

இங்கிருந்து இசை எப்படிப் போயிற்று என்பது பதிவாகியிருக்கிறது. கில்லிங் ஜோக் குழுவின் யூத், கோவா அனுபவத்துக்குப் பின் லண்டனில் டிராகன்ஃப்ளை நிறுவனத்தைத் தொடங்கினார். புல்லாங்குழல் கலைஞர் ராஜா ராம் நண்பர்களோடு 1994இல் டிஐபி நிறுவனத்தைத் தொடங்கினார். சைமன் போஸ்ஃபோர்ட், ஹலுசினஜென் என்ற பெயரில் 1995இல் ‘ட்விஸ்டட்’ தொகுப்பை வெளியிட்டார். ராணுவச் சேவை முடித்து கோவாவுக்கு வந்த இஸ்ரேலிய இளைஞர்கள் இந்த ஒலியைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்ட்ரல் புரொஜெக்‌ஷன் முதலான குழுக்கள் அங்கிருந்து எழுந்தன. ஸ்வென் ஃபேட் கோவாவுக்கு வந்து போனவர். அந்தப் பயணங்களின் சாயல் அவருடைய ‘ஆக்சிடென்ட் இன் பாரடைஸ்’ தொகுப்பில் உண்டு. 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்ட் பிபிசி வானொலியில் ‘கோவா மிக்ஸ்’ என்ற இரண்டு மணி நேர நிகழ்ச்சியை வழங்கினார். கடற்கரையில் கைமாறிக்கொண்டிருந்த ஒலி அன்று பிரிட்டனின் வீடுகளுக்குள் போனது.

அதற்குப் பிந்தைய கதை பலர் அறிந்தது. இத்தாலிய கிளப்புகளிலிருந்து விடியற்காலையில் வேகமாக வண்டி ஓட்டித் திரும்பும் இளைஞர்கள் விபத்தில் மாண்டுகொண்டிருந்த காலத்தில், அவர்களை அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பும் இசையாக ராபர்ட் மைல்ஸ் செய்த ‘சில்ட்ரன்’ 1995இல் வந்து ஐரோப்பாவை ஆட்கொண்டது. நெதர்லாந்து டிஜேக்கள் மேலேறினார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு அவர்களில் ஒருவரான டியெஸ்டோ இசை வழங்கினார்.

மறைக்க வேண்டாம், மிகைப்படுத்தவும் வேண்டாம்

எதிர்வாதங்கள் வலுவானவை. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் தாண்டக் கூடாது. முதலாவது, போதை. எல்எஸ்டி, எக்ஸ்டசி போன்றவை இந்தக் கூட்டங்களில் புழங்கியது உண்மை. உயிர்கள் போனதும் உண்மை. இதை மறைத்து எழுதப்படும் வரலாறு பொய். அதே சமயம், ஜாஸ் இசையையும் ராக் இசையையும் போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி வரலாற்றிலிருந்து யாரும் நீக்கவில்லை. குற்றத்தைக் காவல்துறை விசாரிக்கட்டும். இசையை இசை ஆய்வாளர்கள் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளூர் மக்களின் துயரம். வாரக்கணக்கில் தூக்கமில்லாத இரவுகள், நில விலை உயர்வு, கையூட்டு, சீர்கெட்ட கடற்கரை என்று கோவா மக்கள் அடுக்கும் புகார்களில் நியாயம் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் வெளியிடங்களில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்த 2000ஆம் ஆண்டு விதிகள் தேவையானவை. அந்த மக்களின் கோபமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். அதையும் பதிய வேண்டும்.

மூன்றாவது வாதம் இன்னும் கூரியது. இது வெளிநாட்டவர் தங்களுக்குள் நடத்திய கொண்டாட்டம், இந்தியர் வெறும் பணியாளர்கள் என்பது. அருண் சல்தான்யா 2007இல் வெளியிட்ட ஆய்வு நூல் அஞ்சுனாவின் ஆட்டக் களத்தில் நிறவேற்றுமை எப்படி இயங்கியது என்பதை விரிவாகக் காட்டுகிறது. யாரும் வரலாம் என்று அறிவித்த களத்தில் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் தள்ளியே நின்றார்கள். வெள்ளையர் தங்கள் வட்டத்துக்குள்ளேயே ஆடினார்கள். சிவனும் ஓம் குறியும் மின்னும் வண்ணத் திரைகளாக மரங்களுக்கிடையே தொங்கின. பெர்லினில் இருந்தவர்கள் குழுவுக்கு ஷிவா பெயர் சூட்டியபோதும் அலங்காரத்துக்கே இந்தியா பயன்பட்டது. இந்த விமர்சனத்தை அப்படியே ஏற்கலாம். ஏற்ற பிறகும் வேலை மிஞ்சுகிறது: பணியாளர்களாக நடத்தப்பட்டவர்களின் பார்வையில் அந்த இரவுகள் எப்படி இருந்தன என்பதை யார் கேட்டு எழுதுவது? சல்தான்யாவின் நூலையும், கிரஹாம் செயின்ட் ஜான் 2012இல் எழுதிய விரிவான ஆய்வையும் வெளியிட்டவை வெளிநாட்டுப் பதிப்பகங்கள். கொங்கணியில் பேசும் அந்தச் சாயாக்காரப் பெண்ணின் குரலை எடுத்துவைக்கும் பொறுப்பு இந்திய நிறுவனங்களுடையது.

ஜெர்மனி செய்திருப்பதைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் பிராங்ஃபர்ட்டின் மையத்தில் நவீன மின்னணு இசைக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. டல்லா 2எக்ஸ்எல்சி அதன் பின்னணியில் நின்று பல ஆண்டு உழைத்தவர். முதல் கண்காட்சியே ஸ்வென் ஃபேட் பற்றியது. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் சேர்ந்தது. அந்த கிளப்புகளிலும் போதை புழங்கியது, அண்டை வீட்டார் புகார் கொடுத்தார்கள், காவல்துறை சோதனை நடத்தியது. அவற்றோடு சேர்த்தே அந்தச் சமூகம் தன் இசையை வரலாறாக ஏற்றுக்கொண்டது.

கோவாவுக்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. கோவா பல்கலைக்கழகமும் மாநிலக் கலை, பண்பாட்டு இயக்ககமும் சேர்ந்து வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினால் போதும். பாய் விரித்த பெண்கள், வீடு கொடுத்தவர்கள், ஜெனரேட்டர் ஓட்டியவர்கள், எதிர்த்துப் போராடிய ஊர்க்காரர்கள், இன்னும் அங்கேயே தங்கிவிட்ட பழைய டிஜேக்கள் என்று எல்லோரிடமும் போய்ப் பேச வேண்டும். அலமாரிகளில் கிடக்கும் கேசட்டுகளையும் டிஏடி நாடாக்களையும் வாங்கி டிஜிட்டலாக மாற்ற வேண்டும். சோனி டிஏடி கருவிகளின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2005லேயே அறிவித்துவிட்டது. ஓடும் நிலையில் உள்ள கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன, கடலோர ஈரத்தில் நாடாக்களில் பூஞ்சை ஏறுகிறது. ஒரு சிறு குழு, நான்கைந்து ஒலிப்பதிவுக் கருவிகள், கொங்கணி தெரிந்த சில மாணவர்கள் இருந்தால் அடுத்த சுற்றுலாப் பருவம் தொடங்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.